அப்பாயி ஊரின் கடல்

ஆனேக்கல்லில் கொத்தனாராகப் பணிபுரியும் ஒருவர், கோடை விடுமுறையில் தம் மனைவி மக்களுடன் அரியலூருக்கு அருகிலுள்ள சொந்தச் சிற்றூருக்குச் சென்றிருந்தார். மகள் ஆறாம் வகுப்பு மாணவி. மகன் ஐந்து வயதுச் சிறுவன். “இங்கே வெயிலும் புழுதியும்தாம் இருக்கின்றன. நாம் எப்பொழுது வீட்டிற்குத் திரும்புவோம்?” என்று மகள் மூன்றாம் நாளே கேட்டாள். அருகிலிருந்த அப்பாயியின் முகம் வாடிற்று.

மறுநாள் தந்தை அவர்களை வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றார். மண்ணுள் புதைந்த பண்டை உயிர்களின் உடல், நெடுங்காலத்தில் கல்லாக மாறியிருப்பதே புதைபடிவம் எனப்படும். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கல்லொன்றைத் தம்பி கண்டான்.

“இது நத்தையா, அப்பா?”

“அன்று. அம்மோனைட்டு என்னும் கடலுயிரியின் ஓடு. கணவாய்க்கு உறவு” என்றார் தந்தை. டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அம்மோனைட்டுகளும் அற்றுப்போயின. மக்கள் வழிபடும் சாளக்கிராமக் கற்களிலும் இவற்றின் சுவடுகள் உண்டு.

“கடல் எங்கே?” என்று தம்பி வெளியே எட்டிப் பார்த்தான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவன் நின்ற நிலமே கடலாக இருந்தது! அக்கடலுக்கு அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரமொன்று, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரமாய்க் கிடக்கிறது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர். 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார்.

“ஆனேக்கல்லிலும் பாறைகள் உள்ளனவே! அங்கே ஏன் சிப்பிகள் இல்லை?” என்றாள் மகள். நல்ல வினா. அப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவானவை. 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அன்று உலகில் சிப்பிகளே தோன்றவில்லை.

தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இவ்வட்டாரச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமெண்டு செய்கிறார்கள். நான் குழைக்கும் சிமெண்டிலும் இக்கடல் கலந்திருக்கலாம்” என்றார்.

“அப்படியானால் கல்லிலுள்ள சிப்பிகள்?”

“அவையும் சூளைக்குள் போய்விடும், அம்மா. சிறுவயதில் இத்தகைய கல்லை எறிந்து புளியங்காய் உதிர்த்தவன் நான். இன்னதென்று சொல்ல அன்று எவருமில்லை.”

மாலையில் வீடு திரும்பியதும், கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லை மகள் புரட்டிப் பார்த்தாள். அடிப்புறத்தில் விசிறி போன்ற சிப்பித் தடம் தெரிந்தது.

“அப்பாயி, உங்கள் வீட்டு வாசலில் கடல் இருக்கிறது!”

“நம் வீடு என்று சொல், கண்ணு” என்றார் அப்பாயி.

பயிற்சி

1. ஆனேக்கல் பாறைகளில் சிப்பிகள் காணப்படாமைக்குக் காரணம் யாது?

2. அருங்காட்சியகத்தில் தந்தை பேசாதிருந்தது ஏன்? உம் கருத்தை எழுதுக.

3. உம் பெற்றோரின் ஊரில் எவ்வகைக் கல், மண் உள்ளது? வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.