தளம் போடும் முன்பே முடிவெடுக்க வேண்டிய ஒயரிங்

சுவருக்குள் ஓடும் ஒயரை எப்போது வேண்டுமானாலும் உருவிவிட்டுப் புதிது இழுக்கலாம். ஒயர் போகும் பைப்பை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். தளத்துக்குள் புதைந்த பைப்பையோ உடைத்தும் மாற்ற முடியாது. அதனால் புது வீட்டின் ஒயரிங்கில் முக்கியமான முடிவுகளையெல்லாம் சென்ட்ரிங் அடிக்கும் நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

வீட்டு பிளானில் ஒரு நகல் எடுத்து, கட்டில் எந்தப் பக்கம், பீரோ எங்கே, கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்று பென்சிலால் குறியுங்கள். கதவைத் திறந்தால் மறைந்துவிடும் சுவரில் சுவிட்ச் போர்டை வைத்துவிட்டு, ஆயுளுக்கும் கதவுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவுகிற வீடுகள் நம்மூரில் ஏராளம். கட்டிலின் இருபுறமும் சார்ஜருக்கு ஒரு பிளக், படுத்தபடியே விளக்கை அணைக்க ஒரு டூ-வே சுவிட்ச், மாடிப்படியின் மேலும் கீழும் டூ-வே ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். சமையலறைக்குத் தனிப் பட்டியலே வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், சிம்னி, குடிநீர் சுத்திகரிப்பான் என்று எண்ணிப் பார்த்தால், மேடைக்கு மேல் இரண்டு பிளக் போதாது என்பது புரியும்.

அடுத்து, எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எழுதுங்கள். கீஸர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பும் ஏறத்தாழ அவ்வளவே, ஒன்றரை டன் ஏ.சி. 1,500 வாட்டுக்கு மேல். இந்தக் கூட்டுத்தொகையோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனால், சிங்கிள் ஃபேஸ் போதுமா, த்ரீ ஃபேஸ் வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள். வேலையை லைசென்ஸ் உள்ளவரிடமே கொடுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் இதில் சமரசம் வேண்டாம்.

தளம் போடும் நாள்

கம்பி கட்டி முடித்ததும், கலவை இறங்கும் முன் எலக்ட்ரீஷியன் வந்தாக வேண்டும். மின்விசிறிக்கு ஃபேன் பாக்ஸ், விளக்குக்கு டீப் பாக்ஸ், இவற்றை இணைக்க ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 25 மி.மீ. பி.வி.சி. பைப். பைப் கீழ்க்கம்பிக்கு மேலாக ஓட வேண்டும். கட்டுக்கம்பியால் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். இணைப்பு ஒவ்வொன்றிலும் பசை தடவ வேண்டும். திருப்பங்களில் குறுகிய எல்போ வேண்டாம், வளைவான பெண்டு போடுங்கள். இல்லையென்றால் பிறகு ஒயர் இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும். பாக்ஸ்களுக்குள் கலவை புகாமல் காகிதம் அடைத்து டேப் ஒட்ட வேண்டும். கலவை கொட்டி முடியும்வரை எலக்ட்ரீஷியனையோ அவருடைய உதவியாளரையோ அங்கேயே நிறுத்தி வையுங்கள். ஆட்களின் கால் பட்டும் வைப்ரேட்டர் பட்டும் பைப் கழன்றுபோவது அன்றாடம் நடப்பது. அந்த நிமிடமே கண்டால் கையால் சரிசெய்துவிடலாம்.

இன்று தேவையில்லாத சில பைப்புகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து, வீட்டின் சர்க்யூட்டுகளெல்லாம் பிரியும் டி.பி. பாக்ஸ் வரை ஒன்று, நாளைக்குச் சோலார் வைக்க. டி.பி.யிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் வரை ஒன்று, மின்சார வாகனத்துக்கு. இன்டர்நெட், கேமரா கேபிள்களுக்குத் தனிப் பைப். மின்சார ஒயரோடு அவை சேரக் கூடாது. வெறும் பைப்புக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

சுவரில் காடி வெட்டும்போது மேலிருந்து கீழாக வெட்டச் சொல்லுங்கள். நாலரை அங்குலச் சுவரில் பக்கவாட்டில் நீளமாக வெட்டினால் சுவர் பலமிழக்கும். பைப் பதித்த காடியைக் கலவையால் மூடி, மேலே கோழிவலை அடித்த பிறகே பூச வேண்டும். தவறினால் பைப் போன தடத்திலேயே விரிசல் வரும். பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அதுவே வழிகாட்டி.

ஒயர், சர்க்யூட், எம்.சி.பி.

பூச்சு காய்ந்த பிறகு ஒயர். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, எளிதில் தீப்பற்றாத வகைச் செம்பு ஒயராக வாங்குங்கள். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்.; 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி., கீஸருக்கு 4. விளக்கு, விசிறி சர்க்யூட் ஒன்றில் 10 பாயிண்டுக்கு மேல் வேண்டாம், மொத்தம் 800 வாட்டுக்குள் இருக்கட்டும். 16 ஆம்பியர் பிளக் என்றால் சர்க்யூட்டுக்கு இரண்டு. ஏ.சி., கீஸர், போர்வெல் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

மின்சாரம் அளவு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. காப்பது ஒயரை. ஒயரின் தடிமனுக்கு ஏற்பவே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.5-க்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 என்பது பாதுகாப்பான கணக்கு. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று 16-ஐக் கழற்றி 32 மாட்டினால், ஒயர் சூடேறி இளகும் நிலையிலும் அது அசையாமல் இருக்கும்.

மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் பார்க்கிறது. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டவரின் உடல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போனால், அந்த வித்தியாசத்தைக் கண்டு நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். இதனால்தான் ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் டி.பி. வரை தனியாக வர வேண்டும். அவசரத்தில் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலைப் பக்கத்து சர்க்யூட்டோடு சேர்த்து முறுக்கிவிடுவது நடக்கிறது. இன்வெர்ட்டர் வைக்கும் நாளில் அதன் விளைவு தெரியும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் மற்றதோடு கலந்திருந்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது. அப்போது சிலர் ஆர்.சி.சி.பி.யையே விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் நடமாடும் வீடு. இன்வெர்ட்டரில் ஓட வேண்டிய விளக்கு, விசிறிகளை முன்கூட்டியே முடிவுசெய்து, அவற்றின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் தனியாக இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

எர்த்துக்கு இரண்டு குழி எடுங்கள். வழக்கமான முறையில் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்ட விடாதீர்கள். ஒவ்வொரு பிளக்கின் மேல் துளைக்கும் பச்சை ஒயர் வந்திருக்க வேண்டும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

விளக்கு, விசிறி மாட்டும் முன், ஒயரின் மேலுறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஒயரின் மேலுறை கிழிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகே மேற்கொண்டு வேலை. மின் இணைப்பு வந்ததும், எல்லா சுவிட்சும் சிவப்பு ஒயரில், அதாவது ஃபேஸில், இருக்கின்றனவா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். பிறகும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி டி.பி. கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.