நெல் தின்ற ஆடு

தை மாதத்தில் சீர்காழிப் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் நெல் காய்வதைக் காணலாம். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துக்குப் போகக் காத்திருக்கும் நெல் அது. காவலுக்கு இருப்பவர் சற்றுக் கண் அயர்ந்தால் போதும். அவிழ்த்துவிட்ட ஆடு ஒன்று குவியலில் வாய் வைத்துவிடும். "தின்றால் தின்னட்டும், ஒரு படி நெல்தானே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு படி நெல் ஆட்டின் உயிரையே குடித்துவிடலாம். மாணவர்களே, அது எப்படி என்று பார்ப்போமா?

ஆட்டின் வயிறு நம் வயிற்றைப் போன்றதன்று. அதில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையாகிய அசை வயிறே மிகப் பெரியது. வளர்ந்த ஆட்டில் அது ஏறத்தாழ ஒரு குடம் கொள்ளும். வைக்கோலையும் தழையையும் செரிக்கும் வேலையை அங்கே செய்வது ஆடு அன்று. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம்! அசை வயிற்று நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் பாக்டீரியாக்கள் மட்டுமே ஆயிரம் கோடி அளவில் இருக்கும். ஆடு அசைபோடும்போது ஊறும் உமிழ்நீரில் சோடா உப்புக் கலந்திருக்கிறது. அந்த உமிழ்நீர் ஓயாமல் உள்ளே இறங்கி, அங்கே அமிலம் மிகாமல் காக்கிறது. அமில அளவை பி.எச். எண்ணால் குறிப்பார்கள் என்று படித்திருப்பீர்கள். நலமான ஆட்டின் அசை வயிற்றில் அது 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்.

இப்போது நெல் உள்ளே போகிறது. நெல் என்பது மாவுப்பொருள் மூட்டை. வைக்கோலை மெல்ல மெல்லச் செரிக்கும் நுண்ணுயிர்களைப் பின்தள்ளிவிட்டு, மாவை வேகமாகப் புளிக்க வைக்கும் வேறு சில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இவை உண்டாக்குவது லாக்டிக் அமிலம். ஆம், தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலந்தான்! பி.எச். 5-க்கும் கீழே இறங்கிவிட்டால் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவும் நின்றுவிடுகிறது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகள் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே, ஆட்டின் இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. வயிறு நிறைய நீர் இருக்கும். உடலோ வறண்டு போகும். 1952-ஆம் ஆண்டில் ஹங்கேட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாரும் அவருடன் உழைத்தவர்களும் செம்மறியாடுகளை ஆராய்ந்து, இந்த நுண்ணுயிர் மாற்றங்களை விளக்கினார்கள்.

இதில் ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. நெல் தின்ற முதல் சில மணி நேரம் ஆடு நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் 12 மணி முதல் 36 மணி நேரத்துக்குள்தான் தளர்ச்சி தெரியவரும். அசைபோடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், புழுக்கைக்குப் பதிலாகப் புளித்த நாற்றத்துடன் கழிச்சல் போகும், பின்பு படுத்துவிடும். அதுவரை காத்திருப்பது கூடாது. தின்றது தெரிந்த உடனே செயல்பட வேண்டும்.

ஆட்டின் இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நலமான ஆட்டில் நிமிடத்துக்கு ஓரிரு முறை வயிறு புரண்டு கையைத் தள்ளும். இதை நோயில்லாத நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். நெல் தின்ற ஆட்டில் இந்த அசைவு குறைந்து, பிசைந்த மாவைப் போலவோ நீர் தளும்புவது போலவோ தோன்றும். அந்தப் பள்ளம் மேடாகிப் பறை போல் இறுகியிருந்தால் அது வேறு நோய். வாயு அடைத்த உப்புசம். அறுவடைக்குப் பின் வயலில் தழைக்கும் பயற்றஞ்செடியை நிறைய மேய்ந்தால் அது வரக்கூடும். அதற்கு வேறு மருத்துவம்.

முதலில் ஆட்டை நெல்லிலிருந்து அப்புறப்படுத்திக் கட்டுங்கள். காய்ந்த வைக்கோல் தவிர வேறு தீனி வேண்டாம். வைக்கோலை மென்றால் உமிழ்நீர் ஊறும். கால்நடை மருத்துவரிடம் சொல்லி அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சையும் அழைக்கலாம். வளர்ந்த ஆட்டுக்கு 10 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கமான முதலுதவி. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புளித்த மோரில் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கும். ஆட்டின் வயிற்றிலும் அப்படித்தான் வாயு கிளம்பும். ஆகவே ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட ஆட்டுக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோர்ந்த ஆட்டைப் பார்த்ததும் வீட்டில் இரக்கப்பட்டு அரிசிக் கஞ்சி வைப்பார்கள். நமக்கு நோய் வந்தால் கஞ்சி நல்லதுதான். ஆனால் இந்த ஆட்டுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகும்! உமி மூடிய நெல்லைவிட நொய்யும் மாவும் சோறும் இன்னும் விரைவாகப் புளிப்பவை. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பானைப் பொங்கலையும் பசுவுக்கு ஊட்டுகிறோமே, அங்கும் இதே ஆபத்துத்தான். ஒரு கவளம் போதும்.

பிழைத்த ஆடு உடனே பழையபடி தின்னாது. மடிந்துபோன நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக வேண்டும். சில வேளைகளில் மருத்துவர்கள் நலமான ஆட்டின் அசை வயிற்று நீரை எடுத்து நோயுற்ற ஆட்டுக்குப் புகட்டுவார்கள். பாலுக்கு நாம் உறை ஊற்றுவதைப் போன்ற வேலைதான் அது. பிறகு ஒரு நாள் அது நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோடத் தொடங்கும்.