செல்லோபேனும் செயலிக் கடையும்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்காவில் ஐபோனுக்குள் வேறொரு செயலிக் கடையையே அனுமதிக்காத ஆப்பிள், விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் பெரும்பாலும் வென்றது. வெளிக் கடைகளுக்கு இடம் தரும் கூகுள், அதே எபிக்கிடம் தோற்றது. இது என்ன நீதி என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. ஆனால் கூடவே, "ஆப்பிள் ஏகபோகம் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2021 செப்டம்பரில் நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் சொன்னது, எபிக் அதை நிரூபிக்கவில்லை என்பதுதான். நிரூபணமாகாதது வேறு, இல்லாதது வேறு. சட்டம் படிக்கிறவள் இதைக் குழப்பலாமா?

ஏகபோக வழக்குகள் பலவும் குற்றத்தைப் பேசுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் கருத்து. எது சந்தை என்று கோடு கிழிக்கிற இடத்திலேயே வெற்றி தோல்வி தீர்ந்துவிடும். இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1956-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டூபான்ட் வழக்கு. அந்நாட்டில் விற்ற செல்லோபேன் என்னும் கண்ணாடித்தாளில் ஏறக்குறைய முக்கால் பங்கு டூபான்டுடையது. மெழுகுத்தாள், அலுமினியத் தாள் முதலான பொதியும் தாள்கள் எல்லாம் சேர்ந்ததே சந்தை என்றது நீதிமன்றம். முக்கால் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது, டூபான்ட் தப்பியது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது.

தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் மாறுபட்ட தீர்ப்பை நான் இன்றும் எடுத்துப் படிப்பதுண்டு. செல்லோபேன் விலையில் பாதிக்கும், ஏழில் ஒரு பங்குக்கும்கூட உண்மையான மாற்று கிடைத்திருந்தால், கணக்குப் பார்க்கும் வியாபாரிகள் கால் நூற்றாண்டாக அதையே மேலும் மேலும் வாங்கியிருப்பார்களா என்பது அவர் வாதம். பின்னால் வந்த பொருளியலாளர்கள் இதைக் கூர்மையாக்கினார்கள். ஏகபோகக்காரன் விலையை ஏற்றிக்கொண்டே போய், இனி ஏற்றினால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்ற இடத்தில்தான் நிறுத்துவான். அந்த விலையில் எந்த மட்டமான பொருளும் போட்டியாகத் தெரியும். அதைப் போட்டி என்று நம்புவதற்கு 'செல்லோபேன் பிழை' என்றே பெயர்.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். ஐபோனே தனிச் சந்தை என்ற எபிக்கின் வாதத்தை நீதிபதி கொன்சாலஸ் ரோஜர்ஸ் ஏற்கவில்லை. மொபைல் விளையாட்டுப் பரிவர்த்தனைகள் என்று கோடு கிழித்தார். அதற்குள் கூகுளின் ஆண்ட்ராய்டும் வந்தது, ஆப்பிளுக்குப் போட்டியாளர் கிடைத்துவிட்டார். 2023 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரியோ ஆண்ட்ராய்டுச் செயலி விநியோகத்தையே சந்தையாக ஏற்றது. அங்கே கூகுளுக்கு நிகராக யாரும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆப்பிள் போனையும் மென்பொருளையும் தானே செய்கிறது. கூகுளோ போன் தயாரிப்பாளர்களோடும் விளையாட்டு நிறுவனங்களோடும் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அவையெல்லாம் சான்றுகளாக ஜூரி முன் வந்தன.

ஆப்பிளின் வெற்றியும் முழுமையானதல்ல. வெளியே பணம் கட்டும் வழியைச் செயலிகள் காட்டலாம் என்ற உத்தரவை அது மீறியதாக, 2025 ஏப்ரலில் அதே நீதிபதி நீதிமன்ற அவமதிப்பு என்றார். "பிடிக்காவிட்டால் ஆண்ட்ராய்டுக்குப் போகட்டுமே" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: செயலிகளின் விற்பனையில் ஆப்பிள் எடுக்கும் 30 சதவீதக் கமிஷன் போட்டியில் விளைந்த விலையா, ஏற்றி நிறுத்திய விலையா? அதற்கு விடை தேடாமல் மாற்று இருக்கிறது என்பது சோம்பேறி வாதம்.

நம் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. நீ இந்தத் தொகைகளை மனப்பாடம் செய்யாதே. ஆணையத்தின் உத்தரவை எடுத்து, சந்தையை வரையறுக்கும் பக்கங்களை முதலில் படி. ஆண்ட்ராய்டுச் செயலிக் கடைகளே தனிச் சந்தை என்று அது சொல்வதற்கான காரணங்கள் வாரனுக்கு ஏற்புடையவையாக இருந்திருக்குமா என்று எழுது. யார் கெட்டவர் என்ற தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா