நிலத்தால் கட்டுண்ட குடியும் முன்பணத்தால் கட்டுண்ட கூலியும்

சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்து தேசத்துக் குடியானவர்களில் அநேகர் பிரபுக்களின் ஆதீனத்தில் வாழ்ந்தனர். பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட கிராமத்திற்கு ‘மேனர்’ என்று பெயர். குடியானவனுக்கு உழுதுண்ண நிலமுண்டு. அதற்கு ஈடாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்தப் பண்ணையில் அவன் கூலியின்றி உழைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்திலோ, தன் வயலில் கதிர் உதிர்ந்தாலும் பிரபுவின் கதிரையே முதலில் அறுத்தல் வேண்டும். மகளை மணம் செய்து கொடுக்கவும் பணம் கட்ட வேண்டும். தகப்பன் இறந்தாலோ, தொழுவத்திலுள்ள மேலான மாடு பிரபுவைச் சேரும். உத்தரவின்றி ஊரை விட்டு அகலலாகாது. ஆயினும் இக்கடமைகளைச் செலுத்தி வருமளவும் அவனை நிலத்தினின்று எளிதில் வெளியேற்ற வழக்கம் இடந்தரவில்லை. இதனையும் சொல்லாதொழிதல் நியாயமன்று.

1348-ல் அங்கு புகுந்த கொள்ளைநோயால் ஜனங்கள் பெருவாரியாக மாண்டனர். எஞ்சியோரின் உழைப்புக்கு விலை ஏறிற்று. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டுமென்று 1351-ல் சட்டம் பிறந்தது. 1381-ல் குடிகள் கிளர்ந்தெழுந்தனர்.

இது தூரதேசத்துக் கதைதானே என்று அங்கத்தினர்கள் எண்ணலாம். சேர்வராயன் மலைக்குக் கிழக்கேயுள்ள கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரையில் நீடித்திருந்தது.

சேர்வராயனில் கட்டு வேறு வழியாக வந்தது. 1820-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டிற்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகவே ஆட்கள் தேவைப்பட்டனர். சமவெளிக் கிராமங்களிலிருந்து பலர் மலையேறினர். மேஸ்திரி கொடுத்த முன்பணமே அவர்களை அழைத்துச் சென்ற கயிறு. மாடு மாண்ட வீட்டிற்கும், கல்யாணம் நிச்சயித்த வீட்டிற்கும் அப்பணம் தெய்வம் கொடுத்ததாகவே தோன்றும். அதன் கணக்கோ மேஸ்திரியின் கையில்.

1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் இக்கயிற்றை முறுக்கிற்று. முன்பணம் பெற்று வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்புவதா, வேலையைச் செய்வதா என்று தேர்ந்து கேட்கும் உரிமை முதலாளிக்கே உண்டு, கூலியாளுக்கு இல்லை. உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கொடுத்த பணம் சில ரூபாயே. எனினும் தண்டனை உடலுக்கு! மேனர்க் குடியானவனுக்காவது உழ ஒரு துண்டு நிலமிருந்தது. இச்சட்டம் 1926-ல் ஒழிந்தது. கொத்தடிமைக் கடனையே 1976-ஆம் ஆண்டின் சட்டம் செல்லாததாக்கிற்று.

ஐக்கிய சங்கக் கடனுக்கும் முன்பணத்திற்குமுள்ள பேதம் இங்கேயே புலப்படும். சங்கத்தில் கடன்பட்டவன் திருப்ப வேண்டியது பணமே. அவன் கைகால்கள் ஈடாக எழுதப்படுவதில்லை. கணக்கு பாஸ் புத்தகத்தில் ஏறுகிறது. செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்கலாம். காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஐப்பசிக்கு மேல்தான் தொடங்கும். ஆடி ஆவணியில் கை வறண்டிருக்கும். முன்பணம் இனிப்பது அம்மாதங்களிலேயே. ஆகையால் சங்கத்துக் கடன் மனுவைச் சித்திரையிலேயே எழுதிக் கொடுத்துவிடுதல் நலம்.