அச்சமும் காட்சியும்

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரண்டவன் கண்ணில் குற்றமில்லை, அவன் மனமே மயங்கிற்று என்று இதற்குப் பொருள் கூறுதல் வழக்கம். ஆயின், இக்காலத்து அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றை நோக்குமிடத்து, கற்றுக்கொண்ட அச்சம் மனத்தளவில் நில்லாது, காணுந் தொழிலினுள்ளேயே புகுந்துவிடுகின்றது என்பது புலனாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அந்தி மயங்கும் நேரத்தில் மாதவரத்து ஏரிக்கரை வழியே ஒருவன் செல்கின்றான் என வைத்துக்கொள்வோம். முன்னொருநாள் அவ்விடத்தே பாம்பொன்று அவன் காலருகே சீறியதுண்டு. இன்று வழியிற் கிடப்பதோ பழங்கயிற்றுத் துண்டு. கண்டதும் பின்வாங்கித் துள்ளுகின்றான், நெஞ்சு படபடக்கின்றது. அதன் பின்னரே கயிறென அறிந்து, தன்னைத்தானே நகைத்துக்கொள்கின்றான். அறியுமுன் அஞ்சியது எங்ஙனம்?

விழித்திரையில் விழுந்த உருவத்தின் செய்தி நரம்பு வழியே தாலமஸ் என்னும் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து பிடரிப்பக்கத்துள்ள பார்வைப் பகுதிக்குச் செல்லுகின்றது. மூளையின் இருபுறத்தும் ஆழ்ந்து கிடக்கும் அமிக்டலா என்னும் பகுதி, வாதுமைப்பருப்பின் வடிவினது. இடரை உணர்த்துங் காவலன் போன்றது. ஜோசப் லெடூ என்னும் அறிஞர், எலிகள் அஞ்சக் கற்ற ஓர் ஒலியின் செய்தி, மூளைப் புறணியைச் சுற்றி வாராது குறுக்கு வழியாகவும் அமிக்டலாவை எட்டுதலைக் கண்டார். மக்களின் பார்வையில் அக்குறுக்கு வழி எத்துணைப் பயன்படுகின்றது என்பதுபற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. எனினும், அமிக்டலாவினின்று பார்வைப் பகுதிக்குத் திரும்பிச் செல்லும் நரம்புகள் குரங்குகளின் மூளையில் தெளிவாகக் காணப்பட்டுள்ளன. காவலன் அபாயத்தை அறிவிப்பதோடு அமையாது, “இதனையே உற்று நோக்குக” என்று கண்ணுக்கும் கட்டளையிடுகின்றான் எனலாம்.

2008-ஆம் ஆண்டில் ஸ்ரீகாந்த் பத்மலா, லூயிஸ் பெசோவா என்னும் இருவர் இதனைச் சோதித்து வெளியிட்டனர். கோடுகளாலாகிய ஓர் உருவத்தைக் காட்டும்போது மெல்லிய மின்னதிர்ச்சியைச் சேர்த்தனர். மற்றோர் உருவத்திற்கு அது சேர்க்கப்படவில்லை. பின்னர் அவ்வுருவங்களைக் கண்ணுக்குப் பட்டும் படாமலும் மங்கலாகக் காட்டியபோது, அஞ்சக் கற்ற உருவமே எளிதிற் புலப்பட்டது. பார்வைப் பகுதியின் முதற்படியிலேயே எழுச்சி மிகுந்திருந்தது.

அச்சம் கண்ணைக் கூர்மையாக்குமெனின் அது நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். பாம்பிற்கு அஞ்சுதல் நன்றே. கயிற்றிற்கும் அஞ்சுதலே தீது. 1920-இல் வாட்ஸன், ரேனர் என்போர், ஒரு வயது நிரம்பாத குழந்தையொன்று வெள்ளெலியைத் தொடுந்தோறும் அதன் பின்னே இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடித்தனர். சில நாட்களில் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலைக் கண்டும், நாயைக் கண்டும், மென்மயிர்ச் சட்டையைக் கண்டும் அழுதது. அவ்வச்சத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர். இக்கொடுமையை இன்று ஒருவரும் ஒப்பார்.

அச்சத்தை நீக்கும் வழியோவெனின், 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் காட்டினார். முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விரும்பி உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலை நாடோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் அதனைத் தடவி விளையாடினான். ஆயினும் இங்ஙனம் தணிந்த அச்சம் முற்றும் அழிவதன்று. தணிந்த பழக்கம் காலங்கழித்து மீண்டும் தலைகாட்டும் என்பதை ரஷ்யப் பேரறிஞர் பாவ்லாவ் முன்னரே கண்டிருந்தார்.

மாதவரத்திற்குக் கிழக்கே, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரை மக்கள் இதனை அறிவர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. கடலே பிழைப்பாகவுடையோர் மீண்டும் கடலுக்குச் சென்றேயாக வேண்டும், சென்றனர். ஏழாண்டு கழிந்து, 2012 ஏப்பிரல் 11-இல் சுமத்திராவையடுத்த கடலில் எழுந்த நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டபோது, மக்கள் கரையைவிட்டு விரைந்தனர். பேரலை வரவில்லை, எனினும் அவர் செய்தது தக்கதே. உயிர்காக்கும் அச்சம் அது.

நாம் கவலவேண்டுவது வீணே கற்பிக்கப்படும் அச்சத்தைப்பற்றியே. பிரம்பைக் காட்டிக் கணக்குக் கற்பிப்பவர், கரும்பலகைக்கு அஞ்சுதலையே கற்பிக்கின்றார். ஒரு குலத்தாரையோ சமயத்தாரையோ சுட்டிக் குழந்தையை அஞ்சச் செய்பவர், அதன் கண்ணையே மாற்றிவிடுகின்றார். அவ்வச்சம் எலியினின்று சட்டைக்குப் பரவியதுபோல, ஒருவரினின்று ஊரார் அனைவர்மேலும் பரவும். நம்மிற் பலர் நாளை ஆசிரியரும் பெற்றோரும் ஆவோம். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

கலிலேயாக் கடலில் இரவிற் காற்றோடு போராடிய சீடர், நீர்மேல் நடந்துவந்த தம் ஆண்டவரையே பேயென்று அலறினர். அவ்வச்சத்தைத் தணித்தது தருக்கமன்று, பழகிய குரலே. அஞ்சினோர்க்கு நாமும் அத்தகைய குரலாக முயல்வோமாக.