போன் கம்பெனி மீது வழக்குப் போட முடியாதா?

"செல்போன் கம்பெனி மேல கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போட முடியாதாமே, சார்?"

நுகர்வோர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. ஆட்டோ ஓட்டுநர் கேட்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்கிறார். ரீசார்ஜ் கடையில் சொன்னார்களாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஒரு வழக்கறிஞரே இதைச் சொல்லித் தன்னிடம் வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டம் படித்தவர் 2022இல் வந்த தீர்ப்பைப் புரட்டிப் பார்க்கவில்லையா?

வழக்குப் போடலாம். தாராளமாகப் போடலாம்.

'முடியாது' என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. அதனால்தான் இன்னும் சாகாமல் இருக்கிறது. கேரளத்தில் கட்டணம் கட்டவில்லை என்று ஒருவருடைய தொலைபேசியைத் துண்டித்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் 7-பி பிரிவு இருக்கிறது, இத்தகைய தகராறுகளை நடுவர்தான் தீர்க்க வேண்டும், நுகர்வோர் மன்றம் தலையிடக் கூடாது என்று 2009 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அரசுத் தொலைபேசித் துறை சம்பந்தப்பட்ட அந்த வழக்கின் தீர்ப்பைத் தனியார் கம்பெனிகள் கேடயமாக எடுத்துக்கொண்டன. யார் புகார் கொடுத்தாலும் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டியது இந்தத் தீர்ப்பைத்தான். நியாயமான புகார்கள் எத்தனையோ வாசலிலேயே திரும்பின.

இதை உடைத்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர். மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த அவருடைய பில், 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய் ஆனது. கிரெடிட் கார்டிலிருந்து பணம் தானாகவே போகும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். மாவட்ட மன்றத்தில் புகார் கொடுத்தார். கம்பெனி வழக்கம்போல 7-பியை நீட்டியது. மாவட்டம், மாநிலம், தேசிய ஆணையம் என்று மூன்று படியிலும் அந்த வாதம் எடுபடவில்லை. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 பிப்ரவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, நுகர்வோர் சட்டம் தருவது கூடுதல் வழி, 7-பி பிரிவு அதை அடைக்காது, 2009 தீர்ப்பு சொன்னது சரியல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பில் சரியா தவறா என்று உச்ச நீதிமன்றம் பார்க்கவில்லை. அதைப் பார்க்க நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைகளின் பட்டியலில் தொலைத்தொடர்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பழைய தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ, நுகர்வோர் சட்டப்படி நிவாரணம் கேட்கும் உரிமை பாதிக்கப்படாது என்று எழுதியே வைத்திருக்கிறது. இதற்கு மேலும் 'முடியாது' என்பவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள்?

"இருநூறு ரூபாய்க்கு யார் சார் கோர்ட்டுக்கு அலையறது?" என்பார்கள் அடுத்து. இந்தப் பேச்சில்தான் கம்பெனிகள் பிழைக்கின்றன. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

போகும் முன் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் கட்டணமில்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிரீபெய்டுதானே, பில் ஏது என்று கைவிரிக்காதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்த அழைப்புக்கு, எந்தச் சேவைக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரத்தை 50 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு, "பத்து தடவை போன் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்கிறார்கள். ஒரு புகார் எண்கூடக் கையில் இல்லாமல் எதை வைத்து மனு எழுதுவது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினால் அவர்களே பணத்தை வாங்கித் தருவார்கள் என்பது தவறு. அது விதிகளை வகுக்கும் அமைப்பு. தனிநபர் புகாரை விசாரிக்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்தால் நம்பர் போய்விடும் என்பதும் தவறு. 2018இல் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் ஏராளமானோர் போர்ட் செய்துதான் பழைய நம்பரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பிரீபெய்டில் மீதமிருக்கும் இருப்புத் தொகை மட்டும் கூட வராது.

ரீசார்ஜ் முடிந்த மறுநாளே நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் துண்டிக்கக் கூடாது.

கேட்காத காலர் டியூனுக்குப் பணம் பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் பொய். உங்கள் சம்மதத்தை இரண்டு முறை உறுதி செய்யாமல் எந்தச் சேவையையும் தொடங்கக் கூடாது என்பது 2013 முதல் உள்ள விதி. 155223 என்ற எண்ணில் நிறுத்தச் சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இது பெரிய ஆதங்கம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி எதற்காகத் தினமும் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும்? பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான திட்டத்தைத் தனியாகத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதன் பிறகு அத்தகைய திட்டங்கள் வந்தும்விட்டன. கடைக்காரர் அதை எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களுக்கு ரீசார்ஜ் செய்யப் போகும்போது "டேட்டா வேண்டாம், பேசுற பிளான் மட்டும் போடுங்க" என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்றால் கம்பெனியின் செயலியைத் திறந்து அவரிடமே காட்டுங்கள்.