காய்ச்சல் மாத்திரையும் கெப்பாசிட்டரும்



பரீட்சைக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டலில் என் அறை நண்பனுக்குக் காய்ச்சல். 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்று போட்டான். ஒரு மணி நேரம் கழித்து, "இன்னும் குறையலைடா" என்று அடுத்ததைக் கையில் எடுத்தான். "முதல்ல போட்டது எங்கேடா போச்சு?" என்று கேட்டேன். பதில் நம்ம லேபிலேயே இருக்கிறது.

1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து பாருங்கள். சுமார் 69 விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜ் பாதியாகும். 12 வோல்ட் 6 ஆகும், 6 வோல்ட் 3 ஆகும். இருப்பு குறையக் குறைய இறங்கும் வேகமும் குறையும். ரத்தத்தில் கலந்த மருந்துகளில் பெரும்பாலானவை இதே மாதிரிதான் இறங்குகின்றன. பாதியாகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். பாராசிட்டமாலுக்கு அது சுமார் 2 முதல் 3 மணி நேரம், கணக்குக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம்.

கால்குலேட்டரை எடுங்கள். கடந்த நேரத்தை அரை ஆயுளால் வகுத்து, வரும் எண்ணை 0.5-க்கு அடுக்காகப் போட்டு, தொடக்க அளவால் பெருக்குங்கள். அவ்வளவுதான்! 1 மணி நேரத்தில் அடுக்கு 0.4, விடை 0.758, உடம்பில் மீதி 379 மி.கி. இன்னொன்று போட்டால் 879. ஆறு மணி நேரம் பொறுத்தால் மீதி வெறும் 95. அடுத்ததோடு சேர்த்து 595. (மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேரும் நேரத்தை இங்கே விட்டுவிட்டேன்.)

879 என்பது விஷமில்லை. பெரியவர்களுக்கு ஒரே வேளையில் 1 கிராம் கொடுப்பதும் உண்டு. ஆனால் மணிக்கொன்று என்று போனால் இருப்பு 2000 மி.கி.யைத் தாண்டும். 24 மணி நேரத்துக்கு உச்சவரம்பே 4 கிராம்தான், அதாவது 8 மாத்திரை.

இங்கேதான் லேப் கணக்கு கைவிடுகிறது. அங்கே ரெசிஸ்டர் மாறாது. உடம்பில் மருந்தை வெளியேற்றும் வேலையைப் பார்ப்பது கல்லீரல். பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி அங்கே நச்சாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை முடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்து, கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். அப்போது அரை ஆயுளே 4 மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிடும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. அன்று சாயங்காலம் நண்பன் போட்ட சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். அதிலும் 500 மி.கி. எங்கள் கணக்கில் அது சேரவேயில்லை. கையில் எடுத்ததைத் திரும்ப டப்பாவில் போட்டான். நான் ஈரத்துணி நனைத்துக் கொடுத்தேன்.